ஸ்பிரிங் வந்ததும்

1

குளிர்காலத்தைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் குளிர்காலத்தைப் பார்த்ததில்லை. பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். பதினேழு வயதிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்கு ஆபீஸ் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. இங்கே இரண்டே பருவம்தான்: மழை பெய்கிற மத்தியானம், பெய்யாத மத்தியானம்.

கதை என்னுடையதும் அல்ல. இப்போது 1936. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், படிக்கத் தெரியாத ஒருவருக்கு அவர் மனைவியின் கடிதங்களை வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து வந்த கதை இது. அதில் நான் ஒரு தப்பும் செய்தேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னை நம்பாமல் படிப்பீர்கள். (அப்படிப் படிப்பதிலும் தவறில்லை.)

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

வெள்ளைப் போர்வை போர்த்திய மலைகளுக்கு நடுவே —

இது காலண்டர் படம். விட்டுவிட்டேன்.

கடுங்குளிர் அவளுடைய எலும்பைத் —

துளைத்ததா, தைத்ததா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளலாம் என்று போன சனிக்கிழமை ஐஸ் கிடங்குக்குப் போய், ரம்பத்தூள் துடைத்த ஒரு ஐஸ் பாளத்தின் மேல் உள்ளங்கையை வைத்து எண்ணினேன். நூறு வரை என்று நினைப்பு. அறுபதில் எடுத்துவிட்டேன். அங்கே வேலை செய்த சீனர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் தலையைத் தொட்டுக் காட்டினார், பைத்தியமா என்று. வீட்டுக்கு வந்து ஒரு வரி எழுதினேன்: கை எரிந்தது.

என் மனைவி புஷ்பவல்லி அதைப் படித்துவிட்டு, "குளிர்னு எழுதப் போனீங்க, எரியுதுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள்.

ஆகவே குளிரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மகதலேனா எழுதியதை மட்டும், நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன்.

2

மகதலேனா பிரிக்பீல்ட்ஸில் ஒரு என்ஜினியர் துரை வீட்டில் ஆயா. அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். அவள் புருஷன் இருதயம், ரயில்வே யார்டில் வண்டிகளைப் பழுது பார்க்கிறவர். எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருந்தார்கள். அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். (இப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையில் அவள் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரி முடியும்போது மேலே ஏறிவிடும்.) இருதயம் பந்திங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்தவர். எட்டு வயதில் பால் வாளி தூக்கப் போனதால் எழுத்து வாசனையே இல்லை.

1926 ஆகஸ்டில் துரைக்கு ஊர் போக விடுப்பு கிடைத்தது. ஊர் ஸ்காட்லாந்து. துரைசாணிக்கு மூன்று வயதில் ஒரு பெண்ணும் கையில் ஒரு குழந்தையும். கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகதலேனா கூட வர வேண்டும், போய்ச் சேர்ந்ததும் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது பேச்சு. போக வர மூன்று மாதம். போக வேண்டாம் என்று இருதயம் ஒரே ஒரு தடவை சொன்னாராம். அவள் போனாள்.

ஏன் போனாள்? இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியர் காரணத்தை ஒளித்துவைப்பார். எனக்கு அப்போது தெரிந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தவக்காலத்தில் அவர்களுடைய ஆண் பிள்ளை, மூன்று மாதக் குழந்தை, காய்ச்சலில் இறந்துபோனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டைகூடக் கேட்டதில்லை. காலையில் அவர் யார்டுக்குப் போவார், அவள் துரை வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

3

நவம்பரில் அவள் வர வேண்டும். வரவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு, இருதயம் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

துரைசாணியின் பெரிய பெண்ணுக்குக் கக்குவான் இருமல். குளிர் தொடங்கிவிட்டதால் மகதலேனாவை இப்போது விட முடியாது என்கிறார்கள். கடிதத்தில் கடைசி வரி இது: ஸ்பிரிங் வந்ததும் அனுப்புவார்கள்.

இருதயம் அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்.

"கிராணி, நம்ம ஸ்டோர்ல மூணு சைஸ் கெடக்கு. எந்த சைஸ்னு கேட்டு எழுதுங்க. பார்சல்ல அனுப்பிடலாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வண்டிச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்பு ஸ்பிரிங்கைத்தான் அவருக்குத் தெரியும். அதை மாற்றுவதுதான் அவர் வேலை. ஏதோ ஒரு வண்டியில் அது உடைந்து கிடக்கிறது, அதற்காகத் தன் மனைவி காத்திருக்கிறாள் என்று ஒரு வாரமாக யோசித்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஸ்பிரிங் என்பது ஒரு பருவம், நம்முடைய வசந்தம் மாதிரி, பூ பூக்கிற காலம் என்று விளக்கினேன். இங்கே எப்போதும்தானே பூக்கிறது என்றார். அங்கே அப்படி இல்லை, குளிரில் எல்லாம் நின்றுவிடும், பிறகு ஒருநாள் தானாகத் தொடங்கும் என்றேன்.

"அப்ப அது வர்ற வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ண முடியாதா?"

முடியாது என்றேன்.

"ரிப்பேர் பண்ற விஷயம் இல்ல," என்றார், தனக்குத்தானே.

யார்டில் இருந்த வெள்ளைக்கார ஃபோர்மனிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசாதவர் இருதயம். அவரிடம் போய், ஸ்பிரிங் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். ஃபோர்மன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மார்ச் என்றாராம். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்து, சில வருஷம் ஏப்ரல் என்றாராம்.

4

அந்த வருஷக் கடைசியில் கோலாலம்பூரில் பெரிய வெள்ளம். அது வடிந்த பிறகு, ஜனவரியில் அடுத்த கடிதம் வந்தது. குளிர்காலம் முழுவதும் அதில்தான் இருந்தது.

மூன்று மணிக்கே சூரியன் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாள். கொடியில் போட்ட துணி கருவாடு மாதிரி விறைத்து நிற்கிறதாம். துரையின் கால்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தால், ஆள் மாதிரி சுவரில் சாய்த்து வைக்கலாமாம். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் மெழுகாகிவிட்டது. கக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் தலைக்குத் தேய்க்க முடிகிறது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். ஒரு இலை கிடையாது. செத்த மரம் என்று நினைத்தாளாம், பிறகு தெருவில் பார்த்தால் எல்லா மரமும் அப்படி. ஒரே சமயத்தில் எல்லாம் எப்படிச் சாகும்? சமையல்காரியைக் கேட்டதற்கு அவள் சிரித்தாள். தினமும் காலையில் ஜன்னலில் படிந்த பனியைக் கையால் துடைத்து அந்த மரத்தைப் பார்ப்பதுதான் தனக்கு முதல் வேலை, துளிர் கண்டால் கப்பல் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், இன்றும் ஒன்றும் இல்லை, என்று முடித்திருந்தாள்.

(அந்த ஊரின் பெயர் எனக்கு நினைவில்லை. அவள் இரண்டு கடிதத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தாள். கடல் பக்கத்தில் இருந்தது.)

இருதயம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "அந்த மரம் சாகலன்னு எழுதுங்க கிராணி. கித்தா மரமும் மாசியில மொட்டையாத்தான் நிக்கும். தோட்டமே எரிஞ்சு போன மாதிரி இருக்கும். பதினஞ்சே நாள்ல துளிர்த்துரும். பயப்பட வேணாம்னு எழுதுங்க."

எழுதினேன். எனக்குத் தெரிந்து அவர் அவளிடம் அதுவரை பேசிய நீளமான பேச்சு அதுதான்.

5

அந்த இடம் வந்துவிட்டது.

பிப்ரவரி நடுவில் மூன்றாவது கடிதம். சத்தமாக வாசிக்கத் தொடங்கும் முன் கண் ஒரு வரி முன்னால் ஓடுவது வழக்கம். அன்றைக்கு ஒரு வரிக்குப் பதில் பாதிப் பக்கம் ஓடிவிட்டது.

துரை மலாயாவுக்குத் திரும்பப் போவதில்லை. துரைசாணி இங்கேயே இரு என்கிறாள். சின்னப் பிள்ளை என் கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். குளிர் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங் எப்போது வரும் என்றுதான் தினமும் பார்க்கிறேன். ஆனால் வந்தால் எனக்கு எங்கே போக இருக்கிறது? பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே தூளியை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

எதிரில் இருதயம் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். பிள்ளைகள் சுகம், குளிர் அப்படியே இருக்கிறது, ஸ்பிரிங்குக்குக் காத்திருக்கிறேன். அவ்வளவுதான் வாசித்தேன். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அவர் பதில் சொல்லச் சொல்ல எழுதினேன். கூரை ஒழுகவில்லை, ஃபோர்மன் மார்ச் என்கிறார், இப்படி. அவர் போன பிறகு, கடைசியில் நானாக மூன்று வரி சேர்த்தேன்:

தூளியை அவிழ்த்தது என் தப்பு. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிடு.

உறையை ஒட்டித் திங்கட்கிழமை தபாலில் போட்டேன்.

6

இங்கே 'நான்' என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் படியில் இப்படி எழுதியிருந்தேன்: ஒரு குடும்பம் உடைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனம் —

புஷ்பவல்லி பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "உங்க மனசு இல்ல. கதை நல்லபடியா முடியணும்னு உங்களுக்கு ஆசை," என்றாள்.

அவள் சொன்னது சரி. மகதலேனாவின் மேல் எனக்கு வேறு எண்ணம் இருந்ததோ என்று சில வாசகர்கள் நினைக்கலாம். இல்லை. இருந்திருந்தால் அதையாவது ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். தூளியைப் பற்றிய அந்த மூன்று வரிதான் நான் எழுதிய முதல் கதை. அதை வாசித்தவள் மகதலேனா ஒருத்திதான், அவள் அதை உண்மை என்று நம்பினாள். அதற்குப் பிறகு பத்திரிகைகளில் எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். அந்த அளவுக்கு எதுவும் வேலை செய்யவில்லை.

ஏப்ரலில் பதில் வந்தது. சின்னக் கடிதம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், துரைசாணியிடம் சொல்லிவிட்டேன், அடுத்த கப்பலில் வருகிறேன். துணி துவைக்கிற கொட்டகைப் பக்கத்தில் தரையிலிருந்து நேரே ஒரு வெள்ளைப் பூ வந்திருக்கிறது. ஓரத்தில் பனி இன்னும் கிடக்கிறது. இது ஸ்பிரிங் இல்லை, அதற்கு முன்னாலேயே வருகிற பூ என்று சமையல்காரி சொல்கிறாள். எனக்கு அது போதும். செருப்புப் போடாமல் வெளியே ஓடிவிட்டேன்.

இருதயம் அதை நாலு தடவை படிக்கச் சொன்னார். செருப்பில்லாமல் ஓடினாளா என்று மட்டும் கேட்டார். மே மாதம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போய் அவளை அழைத்துவந்தார்.

7

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம் மகதலேனா என் வீட்டு வாசலில் நின்றாள். முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில், நீங்கள் தூளியைப் பற்றி அப்படி எழுதினது எனக்குப் பெரிய ஆறுதல் என்று அவள் இருதயத்திடம் சொல்லியிருக்கிறாள். தூளியைப் பற்றி நானா எழுதினேன் என்று அவர் கேட்டிருக்கிறார்.

"அண்ணே, தூளி விஷயம் அவர் சொன்னதா, நீங்க எழுதுனதா?"

நான் எழுதியது என்றேன்.

"நான் கேட்டிருந்தேனே. அதையாச்சும் அவருக்குப் படிச்சுக் காட்டுனீங்களா?"

இல்லை என்றேன். அவள் திட்டவில்லை. வீட்டுக்குப் போய், நான் எழுதி அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். என் மேசையில் கிடந்த பென்சிலை என் பக்கம் தள்ளினாள்.

"அவர் சொன்னதுக்கு அடியில கோடு போடுங்க."

போட்டேன். 'அன்புள்ள' என்பது என்னுடையது. 'உன் நினைவாகவே இருக்கிறேன்' என்னுடையது. கூரை ஒழுகவில்லை என்பது அவருடையது. வெள்ளத் தண்ணீர் இரண்டாவது படி வரை வந்தது, உன் பெட்டியை மேலே தூக்கிவைத்தேன் என்பது அவருடையது. கித்தா மரத்துக்கு வந்ததும் அவள் விரலை வைத்துத் தடுத்தாள்.

"இது?"

அது முழுக்க அவர் சொன்னது என்றேன். அவள் விரலை எடுத்தாள். நான் கோடு போட்டேன்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் சொல்லி, நான் எழுதாமல் விட்ட வரி ஒன்று இருந்தது. ஜனவரியில் சொன்னார்: பிள்ளை பேரில் பூசை ஒன்று வைத்தேன், நீ போனதிலிருந்து மாசா மாசம் வைக்கிறேன். குளிரில் தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு இது என்று விட்டுவிட்டேன். இப்போது அதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கோடு போட்டேன்.

"இத ஏன் விட்டீங்க?"

"உனக்கு வருத்தமா இருக்கும்னு நெனச்சேன்மா."

"இருக்கணும்தானே அண்ணே," என்றாள்.

கடிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மாலை இருதயத்திடம் அந்தக் கேள்வியை நேரில் கேட்டிருக்கிறாள். அவர் பேசவில்லை. யாரும் எழுதித் தராமல் அவரே சொல்லட்டும், அதுவரை அந்த வீட்டில் நான் இருக்க முடியாது என்று புஷ்பவல்லியிடம் சொல்லிவிட்டு, அந்த மாதமே கிள்ளானில் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

நான் இருதயத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யார்டில் ஒரு ரயில் பெட்டியின் அடியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவ கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் கிராணி?"

பிறகு என்னோடு பேச்சு இல்லை.

8

முடிவு.

முதலில் எழுதிய முடிவில், மகதலேனா கப்பலை விட்டு இறங்குகிறாள், இருதயம் அவள் பெட்டியை வாங்கிக்கொள்கிறார், கதை அங்கேயே நிற்கிறது. நன்றாகத்தான் இருந்தது. ஏழாம் பகுதியே தேவைப்படாது. அதனால்தான் கிழித்தேன்.

இரண்டாவது முடிவில் அவள் மறுபடி கப்பல் ஏறி அந்தக் குளிருக்கே போய்விடுகிறாள். பத்திரிகைகளுக்கு இப்படிப்பட்ட முடிவு பிடிக்கும். ஆனால் அவள் போகவில்லையே.

நடந்தது இது. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, இருதயம் பாசாரில் வாங்கிய ஒரு சிலேட்டோடு வந்தார்.

"எழுதக் கத்துக் குடுங்க. நான் சொல்றத நீங்க எழுத வேணாம்."

ஏழு மாதம் ஆயிற்று. இரும்பு பிடித்துப் பழகிய கை. பலப்பம் உடைந்துகொண்டே இருந்தது. ஞாயிறுதோறும் காலை ரயிலில் கிள்ளான் போவார். அங்கே கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, பூசை முடிந்து அவளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பிவிடுவார். பேசினீர்களா என்று ஒருமுறை கேட்டேன். இன்னும் ஒற்றெழுத்து வரவில்லை என்றார்.

பிப்ரவரியில் ஒருநாள் காகிதமும் மையும் கேட்டார். என் மேசையிலேயே எழுதினார், கையால் மறைத்துக்கொண்டு. நான் முற்றத்தில் நின்றேன். ஒரே ஒரு சொல்லுக்கு எந்த எழுத்து என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அவரே ஒட்டி, அவரே தபாலில் போட்டார். அது புதன்கிழமை.

ஞாயிறு வழக்கம்போல் கிள்ளான் போனார். மாலை ரயிலில் வரவில்லை. திங்கள் யார்டுக்கும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து, கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டு மனுக் கொடுத்தார். மனுவையும் அவரே எழுதியிருந்தார். மூன்று பிழை. நான் திருத்தவில்லை.

இப்போது இருவரும் கிள்ளானில்தான் இருக்கிறார்கள், ஒரு பெண் பிள்ளையோடு. போன மாதம் அங்கே போயிருந்தேன். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள் மகதலேனா. இருதயம் தலையை ஆட்டினார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

கதைக்கு அது வேண்டும், எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்த வாசகர் அதைப் படிக்காமல் எப்படிப் போவது? நேற்றுக் காலை உட்கார்ந்து, 'மகதலேனாவுக்கு இருதயம் எழுதுவது' என்று தொடங்கினேன். அவருடைய பேச்சு எனக்குப் பழக்கம். எப்படிச் சொல்லியிருப்பார் என்று வரிவரியாகத் தெரிகிறது. தூளியை அவிழ்த்ததற்கு அவரிடம் என்ன —

இல்லை. அவருக்காக ஒருமுறை எழுதியாயிற்று.

வாசகரே, ஆசை இருந்தால் நீங்கள் எழுதிப் பாருங்கள். எழுதினால் என்னிடம் காட்ட வேண்டாம்.